சேவலா, பெடையா?

நுவரெலியா, ஹட்டன் பக்கத்துத் தேயிலை மலைகளில், கவ்வாத்து வெட்டிய செடியின் நுனியிலோ கம்பி வேலியிலோ ஒரு சிறு கறுப்புப் பறவை வாலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது கொழுந்து பறிப்பவர்களுக்குப் பழகிய காட்சி. எழுந்து பறந்தால் சிறகில் ஒரு வெள்ளைக் கீற்றும் வாலடியில் வெள்ளையும் பளிச்சிடும். நாலு செடி தள்ளி அதே அளவில், அதே மாதிரி வாலாட்டிக்கொண்டு இன்னொன்று இருக்கும். அது கரும்பழுப்பு, வாலடி துரு நிறம். கறுப்பு ஆண், பழுப்பு பெண். தமிழ்ப் பறவை நூல்கள் புதர்ச்சிட்டு என்று சொல்லும் இந்தக் குருவி, ஆண் பெண் வேறுபாட்டைக் கற்றுக்கொள்ள மிக எளிய பாடம். எளிய பாடமாக இருப்பதாலேயே ஒரு தவறான விதியையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்துவிடுகிறது: எடுப்பான நிறம் என்றால் ஆண், மங்கல் என்றால் பெண். தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில் அந்த விதியும் முடிந்துவிடுகிறது. மலையகக் காட்டில் ஆணையும் பெண்ணையும் பிரித்துச் சொல்லப் பொதுவிதி கிடையாது. ஒவ்வோர் இனத்திடமும் தனியாகக் கேட்க வேண்டும். அதன் வயதையும், அது எந்த ஊர்ப் பறவை என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். கேட்டும் பதில் வராத இடங்கள் பல. அங்கே ‘தெரியவில்லை’ என்று எழுதுவதுதான் சரியான பதிவு.

பறவைகளில் ஆணையும் பெண்ணையும் பிரித்துப் பெயரிடுவது தமிழுக்குப் பழைய அக்கறை. தொல்காப்பியத்தின் மரபியல் இதற்கென்றே நூற்பாக்களை ஒதுக்குகிறது. சேவல் என்ற பெயர் சிறகுள்ள எல்லாவற்றின் ஆணுக்கும் பொருந்தும், மயிலுக்கு மட்டும் பொருந்தாது. பெடை, பேடை என்பன பறவைகளின் பெண்ணுக்கு உரியவை. அளகு என்பது கோழி, கூகை, மயில் ஆகியவற்றின் பெண்ணுக்கு மட்டும் என்று அது வரையறுக்கிறது. மயிலை ஏன் விலக்க வேண்டும்? உரையாசிரியர் பேராசிரியர் சொல்லும் காரணம் கவனிக்கத்தக்கது. தோகையோடு தோன்றும் ஆண்மயிலின் சாயல் பெண்ணின் சாயல் போல இருக்கிறது, ஆண்தன்மை அதில் தோன்றவில்லை என்கிறார். அலங்காரம் ஆணுக்கு உரியது என்று இன்று பறவைக் கையேட்டைப் புரட்டுபவர் எண்ணுகிறார்; பெண்ணுக்கு உரியது என்று அன்று உரையாசிரியர் எண்ணினார். இரண்டுமே மனிதரிடமிருந்து எடுத்துப் பறவைமேல் போர்த்திய எண்ணங்கள்தாம். ஆனாலும் மரபியலின் அணுகுமுறை எனக்குப் பிடித்திருக்கிறது: எல்லாவற்றுக்கும் ஒரே சொல் போதும் என்று விட்டுவிடாமல், எந்தப் பறவைக்கு எந்தச் சொல் என்று இனவாரியாக அது நடந்துபோகிறது.

நவீன அறிவியலிலும் இந்தக் கேள்வி ஒரு சச்சரவோடுதான் தொடங்கியது. 1871இல் மனிதனின் தோற்றம் பற்றிய தன் நூலில் டார்வின், பெண் பறவைகள் அழகான ஆண்களைத் தேர்ந்தெடுத்ததால் ஆண்களின் நிறமும் தோகையும் வளர்ந்தன என்று வாதிட்டார். வாலஸ் அதே கேள்வியைத் திருப்பிப் போட்டார்: திறந்த கூட்டில் அடைகாக்கும் பெண் எதிரியின் கண்ணில் படாதிருக்க நிறம் மங்க வேண்டியிருந்தது, ஆராய வேண்டியது பெண்ணின் மங்கலையே. 2015இல் ஜேம்ஸ் டேலும் அவருடைய குழுவினரும் உலகின் ஏறத்தாழ 6,000 குருவியினப் பறவைகளின் ஆண் பெண் நிறங்களை அளந்து ஒப்பிட்டபோது இரண்டு முடிவுகள் கிடைத்தன. இணைக்கான போட்டி கடுமையாக உள்ள இனங்களில் வேறுபாடு உண்டாவது, ஆண் பளபளப்பதைவிடப் பெண் மங்குவதால்தான் அதிகம். வெப்ப மண்டலப் பறவைகளிலோ ஆண், பெண் இரண்டுமே நிறம் கூடியிருக்கின்றன. இரண்டாவது முடிவு நம் மலைகளுக்கு நேராகப் பொருந்துகிறது. குளிர்நாட்டுப் பறவை சில மாதங்களுக்குள் வந்து, பாடி, இணை தேடி, கூடு கட்டிப் போய்விட வேண்டும். வெப்ப மண்டலக் காட்டில் பல பறவைகள் ஆண்டு முழுவதும் ஒரே இடத்தைச் சோடியாகக் காத்து நிற்கின்றன. எல்லையைக் காப்பதில் பெண்ணுக்கும் பங்கு இருந்தால், தன்னைக் காட்டிக்கொள்ளும் நிறமும் குரலும் பெண்ணுக்கும் தேவைப்படும். பளபளப்பது ஆண் என்ற விதி ஐரோப்பியத் தோட்டங்களிலும் வட அமெரிக்க வயல்களிலும் உருவான விதி. கையேடுகள் வழியாக அது இங்கே வந்து சேர்ந்தது.

ஹக்கல தாவரவியல் பூங்காவை ஒட்டிய காட்டில் ஒரு காலை நேரத்தில் எளிதாகப் பார்க்கக்கூடிய இலங்கைக்கே உரிய பறவைகளை எடுத்துக்கொள்வோம். காதருகே மஞ்சள் குஞ்சம் வைத்த கொண்டைக்குருவி, சாம்பல் கலந்த நீலத்தில் ஈப்பிடிப்பான், கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் இட்ட மலை வெள்ளைக்கண்ணி. மூன்றிலும் ஆணும் பெண்ணும் நம் கண்ணுக்கு ஒன்றே. மஞ்சள் குஞ்சம் பெண்ணுக்கும் உண்டு. அதை ஆணின் அலங்காரம் என்று எழுதினால் பிழை. கூட்டில் உட்கார்ந்திருப்பது பெண்தான் என்று முடிவுகட்டவும் முடியாது. வெள்ளைக்கண்ணி இனங்களில் இரண்டும் மாறி மாறி அடைகாக்கின்றன.

இதே காட்டில், தரையோடு தரையாக, நிலுச் செடிகளுக்கும் குட்டை மூங்கிலுக்கும் இடையே இன்னொரு பறவை இருக்கிறது: இலங்கைப் புதர்க் கதிர்க்குருவி. முதுகு ஆலிவ் கலந்த கரும்பழுப்பு, வயிறு சாம்பல், நீண்ட வால். படத்தில் அழகாகத் தெரியும் பறவை அன்று. காட்டில் பெரும்பாலும் அசையும் ஓர் இலையாகத்தான் தெரியும். ஆணையும் பெண்ணையும் பக்கம் பக்கமாக வைத்தாலும் இறகில் எந்த வேறுபாடும் இல்லை. வேறுபாடு கண்ணில் இருக்கிறது. வளர்ந்த ஆணின் கண்மணியைச் சுற்றிய படலம் சிவப்பு. பெண்ணுடையது வெளிறிய சந்தன நிறம். பட்டாணி மணியைவிடச் சிறிய ஒரு வட்டம், அதைச் சுற்றி இருண்ட இறகு, அதற்கும் மேல் காட்டின் இருள். பறவை ஒரு கணம் மூங்கில் தண்டின்மேல் ஏறிப் பக்கவாட்டில் நின்று, வெளிச்சம் சரியான பக்கத்திலிருந்து விழுந்தால் மட்டுமே சிவப்பா சந்தனமா என்று சொல்லலாம். வெளிச்சம் பின்னாலிருந்து வந்தால் எந்தக் கண்ணும் கறுப்புத்தான். இந்தப் பறவையின் பாலைச் சொல்பவர் அதன் கண்ணைப் பார்த்திருக்க வேண்டும். பார்க்காமல் சொல்பவர் ஊகிக்கிறார்.

அடையாளம் எங்கே இருக்கிறது என்பது இனத்துக்கு இனம் மாறுகிறது. தோட்டத்தில் நிழலுக்கு நட்ட சவுக்கு மரத்தில், அதாவது நூல்கள் கிரெவில்லியா என்று சொல்லும் மரத்தில், தலைகீழாக இறங்கிவரும் நீலநிறப் பசையெடுப்பானைப் பாருங்கள். கண்ணுக்குப் பின்னால் மை தீட்டியது போல ஒரு கறுப்புக் கோடு நீண்டால் ஆண், கோடு இல்லாவிட்டால் பெண். லேயார்டு கிளியில் அடையாளம் அலகில்: ஆணின் மேலலகு சிவப்பு, பெண்ணின் அலகு முழுவதும் கறுப்பு. இந்தக் கிளியின் பொதுப்பெயர் கணவருக்கும், அறிவியல் பெயரின் இரண்டாம் பகுதி அவருடைய மனைவியின் குடும்பப் பெயருக்கும் போயிருப்பது ஓர் இனிய தற்செயல். இதன் குஞ்சுக்கு அலகு செம்மஞ்சள் நிறம். ‘அலகு கறுப்பில்லை, ஆகவே ஆண்’ என்று எழுதினால், போன மாதம் பொந்தைவிட்டு வந்த பெண்குஞ்சும் ஆண் கணக்கில் சேர்ந்துவிடும்.

மரங்கொத்திகளில் தலைச் சிவப்பு ஆணின் அடையாளம் என்பார்கள். இலங்கையில் முதுகு சிவந்த மரங்கொத்திகள் இரண்டு இருக்கின்றன. ஒன்றின் அலகு கருமை, மற்றதன் அலகு வெளிறியது. கரிய அலகுள்ள இனத்தில் பெண்ணின் நெற்றியும் முன்னுச்சியும் வெள்ளைப் புள்ளியிட்ட கறுப்பு, ஆனால் பின்னுச்சி சிவப்பு. வெளிறிய அலகுள்ள இனத்தில் பெண்ணின் உச்சி முழுவதும் புள்ளியிட்ட கறுப்பு, சிவப்பு துளியும் இல்லை. பறவை மரத்தை அணைத்தபடி முதுகைக் காட்டிக்கொண்டிருக்கும்போது நமக்குத் தெரிவது பின்னுச்சி மட்டும். அந்தச் சிவப்பு ஓர் இனத்தில் ஆண் என்று முடிவாகச் சொல்கிறது, மற்றதில் எதையுமே சொல்வதில்லை. ஆகவே பாலைக் கேட்கும் முன் இனத்தைக் கேட்க வேண்டும். இங்கே அதற்கு முதலில் அலகைப் பார்க்க வேண்டும்.

இனம் தெரிந்த பிறகு வயது வந்து குறுக்கே நிற்கிறது. பட்டிப்பொலவிலிருந்து ஹோட்டன் சமவெளிக்கு ஏறும் வழியில் அரங்கா குளம் என்று பறவை பார்ப்பவர்கள் சொல்லும் ஒரு சிறு நீர்நிலை உண்டு. 1872இல் ஹோல்ட்ஸ்வொர்த், இலங்கைச் சீகாரப் பூங்குருவிக்கு அறிவியல் பெயர் சூட்டியபோது வைத்த பேரினப் பெயரிலிருந்து வந்த பெயர் அது. பெயரின் இரண்டாம் பகுதி சாமுவேல் பிளை என்ற கோப்பித் தோட்டத்துரையை நினைவூட்டுகிறது. மலைகள் தேயிலைக்கு மாறுவதற்கு முந்திய கோப்பிக் காலம் அது. அழியும் ஆபத்தில் உள்ள இந்தப் பறவை காட்டு ஓடைகளை விட்டு விலகாது. விடியலிலும் அந்தியிலும்தான் வெளியே வரும். ஆண் நீலம் மின்னும் கருமை, பெண் பழுப்பு, இரண்டுக்கும் தோளில் நீலத் திட்டு உண்டு. அரை வெளிச்சத்தில் ஈரப் பாறைமேல் ஒரு பழுப்புப் பறவை வந்து நின்றால் பெண் என்று எழுதக் கை பரபரக்கும். ஆனால் இளம் பறவையும் பெண்ணின் பழுப்பைத்தான் அணிந்திருக்கிறது. முற்றிய கரும்பறவையை ஆண் என்று உறுதியாக எழுதலாம். பழுப்புக்கு அந்த உறுதி இல்லை: பெண்ணாகவும் இருக்கலாம், இன்னும் நிறம் மாறாத மகனாகவும் இருக்கலாம்.

நிறம் சார்ந்த பதிவுகள் எல்லாவற்றிலும் இந்தச் சாய்வு ஒளிந்திருக்கிறது. மலையகத்து மரவுச்சிகளில் கூட்டமாகத் திரியும் மின்சிட்டுகளில் ஆண் தழல் சிவப்பு, பெண் மஞ்சள். ஒரு சிவப்பும் நாலு மஞ்சளும் சேர்ந்து பறந்தால் ‘ஒரு ராசா, நாலு ராணி’ என்று கதை கட்டிவிடுகிறோம். இளம் ஆண்களும் மஞ்சளாகத்தான் இருக்கும். அது பெற்றோரும் அந்த ஆண்டுப் பிள்ளைகளுமாக ஒரு குடும்பமாக இருக்கலாம். அரசவால் ஈப்பிடிப்பானிலும் இப்படித்தான். நீண்ட வாலுக்கு இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும்; அதுவரை இளம் ஆணைப் பார்ப்பவர் பெண் என்றே நினைப்பார். பெண் கணக்கில் இளம் ஆண்களைச் சேர்ப்பதை நாம் கவனிப்பதே இல்லை. பெண்கள் நிறைய இருக்கிறார்கள், கவலையில்லை என்ற பொய்யான நிம்மதியும் அதனோடு வந்துவிடுகிறது.

ஊரும் ஒரு காரணம். குண்டுகரிச்சான் தமிழகத்திலும் இலங்கையிலும் வீட்டு முற்றத்துப் பறவை. இந்தியாவின் பெரும்பகுதியில் ஆண் கறுப்பும் வெள்ளையும். பெண்ணில் கறுப்பு இருக்க வேண்டிய இடமெல்லாம் தெளிவான சாம்பல். காவிரிக்குத் தெற்கே வர வரப் பெண்ணின் சாம்பல் கருத்துக்கொண்டே வந்து, இலங்கையில் ஆணின் நிறத்தை ஏறத்தாழத் தொட்டுவிடுகிறது. வடக்கத்திப் பறவையைப் பார்த்து வரைந்த படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஹட்டனில் பார்த்தால் எல்லாமே ஆணாகத் தெரியும். அரசவால் ஈப்பிடிப்பானில் வேறொரு குழப்பம். இந்தியாவிலிருந்து குளிர்காலத்துக்கு வரும் முதிர்ந்த ஆண் வெள்ளை உடை அணிவதுண்டு. இலங்கையிலேயே வாழும் ஆண் எவ்வளவு முதிர்ந்தாலும் செம்பழுப்பாகவே இருக்கும். வெள்ளையைத் துணித் திருடன் என்றும், செம்பழுப்பைப் பிக்குவின் சீவரத்தைத் திருடியவன் என்றும் சிங்களத்தில் இரண்டு பெயரிட்டிருக்கிறார்கள். நிறத்தை இவ்வளவு கூர்மையாகக் கண்ட அந்தக் கண்களைப் பாராட்ட வேண்டும்.

நிறம் கைவிட்டால் குரல் கைகொடுக்கும், பாடுவது ஆண்தானே என்று ஒரு மறுப்பு எழலாம். இந்த மறுப்பில் பாதி உண்மை உண்டு. தமிழில் பெண்ணின் குரலுக்கெல்லாம் உவமையாக நிற்கும் குயிலே அதற்குச் சாட்சி: கூவுவது கரிய ஆண், புள்ளியிட்ட பழுப்புப் பெண்ணின் குரல் கிக்-கிக்-கிக் என்று அடுக்கிவரும் கூச்சல். ஆனால் குயிலிலிருந்து பொதுவிதி எடுத்தால் மீண்டும் புதர்ச்சிட்டின் பாடத்துக்கே திரும்பிவிடுவோம். 2014இல் கேரன் ஓடமும் மற்றவர்களும் உலகெங்கும் 323 பாட்டுப் பறவையினங்களைப் பற்றிய பதிவுகளைத் திரட்டிப் பார்த்தபோது, 71 விழுக்காட்டில் பெண்ணும் பாடுவது தெரிந்தது. இந்தப் பறவைகளின் பொது மூதாதையிலேயே பெண் பாடியிருக்க வேண்டும் என்றும் அவர்கள் கணித்தார்கள். ஒரு குரலைக் கேட்டதும் ‘ஆண் பாடுகிறது’ என்று எழுதி, அந்தப் பதிவுகளையே பிறகு சான்றாகக் காட்டி, பாடுவது ஆண்தான் என்று நிறுவியது ஒரு வட்டமான வாதம். நிறத்தோடு வேலைப் பங்கீடே தலைகீழான பறவைகளும் நம் நாட்டில் உண்டு. காடையைப் போலப் புல்லுக்குள் ஓடும் ஒரு சிறு பறவையில், தொண்டை கறுத்து எடுப்பாக இருப்பதும் முழங்கி இணையை அழைப்பதும் பெண். அடைகாத்துக் குஞ்சுகளை நடத்திச் செல்வது மங்கலான ஆண். மேலே சொன்ன எல்லா விதியையும் அது ஒருங்கே உடைக்கிறது.

இன்னும் கனமான மறுப்பு ஒன்று உண்டு. பறவையின் கண்ணில் நிறமுணரும் கூம்பு வகைகள் நான்கு, நமக்கு மூன்று. நாம் காணாத புற ஊதாவையும் அவை காண்கின்றன. ஆணும் பெண்ணும் ஒன்றுபோல என்று மனிதக் கண் தீர்ப்பளித்த 139 குருவியினங்களின் இறகுகளை மியூர் ஈட்டன் கருவியால் அளந்து 2005இல் வெளியிட்டார். அவற்றில் 90 விழுக்காட்டுக்கும் மேல், பறவைக் கண்ணுக்கு ஆண் வேறு பெண் வேறாகத் தெரியக்கூடியவை. பாலைச் சொல்ல மரபணுச் சோதனையும் 1998இலேயே வந்துவிட்டது: பறவைகளில் இரண்டு வெவ்வேறு பால் குரோமோசோம்கள் இருப்பது பெண்ணிடம்; ஒரு துளி இரத்தமோ பிடுங்கிய ஓர் இறகோ போதும். அப்படியானால் இருநோக்கியோடு காட்டில் நின்று கண்ணைக் கசக்குவது எதற்கு என்று கேட்கலாம். சோதனைக்குப் பறவையைப் பிடித்தாக வேண்டும். சீகாரப் பூங்குருவி போன்ற அரிய பறவையைப் பொழுதுபோக்காகப் பிடிக்க முடியாது, பிடிக்கவும் கூடாது. பிடித்த ஒரு பறவையைப் பற்றிச் சோதனை துல்லியமாகச் சொல்லும். ஆனால் பிடிபடாத ஆயிரம் பறவைகள் எந்த மரத்தில், எந்த ஓடையில், எந்த மாதத்தில் இருக்கின்றன என்பதைப் பார்ப்பவர்தாம் சொல்ல வேண்டும். ஈட்டனின் அளவீடு நம் பார்வையின் எல்லையைக் காட்டுகிறது. அந்த எல்லைக்கு உள்ளே நின்று பேசினால் கள அறிவின் மதிப்பு கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. வெள்ளைக்கண்ணிகள் ஒன்றையொன்று பிரித்தறிகின்றன என்பதற்காக நாமும் பிரித்தறிந்ததாக எழுதக் கூடாது.

எண்ணிக்கை போதாதா, பால் எதற்கு? இந்தக் கேள்விக்கு நுவரெலியா நகரின் நடுவே இருக்கும் விக்டோரியா பூங்கா பதில் வைத்திருக்கிறது. காஷ்மீர் மலைகளில் குஞ்சு பொரிக்கும் காஷ்மீர் ஈப்பிடிப்பான் குளிர்காலத்தைக் கழிக்க இலங்கையின் மலைநாட்டுக்கும் நீலகிரிக்கும் வருகிறது. இதைக் காணவே வெளிநாட்டவர் இந்தப் பூங்காவைத் தேடி வருகிறார்கள். ஆணின் தொண்டையும் மார்பும் செங்கல் சிவப்பு, அந்தச் சிவப்புக்குக் கறுப்புக் கரை. படம் பிடிப்பவர் அதற்காகக் காத்திருக்கிறார். அதே மரத்தடியில் வாலை மேலே சொடுக்கிக்கொண்டு திரியும் பழுப்புப் பறவையை யாரும் பொருட்படுத்துவதில்லை. ஓடையோரச் சருகைக் கிளறும் கறுப்புவெள்ளைப் பூங்குருவியின் கதையும் இதுவே. கறுப்பும் வெள்ளையுமான ஆணுக்கு நூறு படம், ஆலிவ் பழுப்பான பெண்ணுக்கு ஒன்று. குளிர்கால வாழிடத்தில் ஆணும் பெண்ணும் ஒரே இடத்தில்தான் இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. அமெரிக்கச் செவ்வால் என்ற சிறு குருவியை ஜமைக்காவில் ஆராய்ந்த பீட்டர் மாராவும் சக ஆய்வாளர்களும், ஈரம் நிறைந்த கண்டல் காட்டை ஆண்கள் பிடித்துக்கொண்டு பெண்களில் பலவற்றை வறண்ட புதர்க்காட்டுக்குத் தள்ளிவிடுவதைக் கண்டார்கள். புதர்க்காட்டில் குளிர்காலத்தைக் கழித்தவை இளைத்து, தாமதமாகப் புறப்பட்டு, வடக்கே தாமதமாகப் போய்ச் சேர்ந்தன. அங்கே ஆண்களை மட்டும் பார்த்துக் கண்டல் காட்டை மட்டும் காத்திருந்தால், பெண்களின் காடு கவனிப்பாரில்லாமல் போயிருக்கும்.

நுவரெலியாவிலும் அப்படித்தான் நடக்கிறது என்று இதிலிருந்து முடிவுகட்டக் கூடாது. இனத்துக்கு இனம் கேட்க வேண்டும் என்ற வாதம் இங்கும் பொருந்தும். ஆனால் கேட்பதற்கு வழி இருக்கிறது, செலவும் இல்லை. நுவரெலியா, ஹட்டன், பொகவந்தலாவை, மஸ்கெலியா பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளின் குறிப்பேட்டில் மூன்று பத்திகள் போதும்: ஆண், பெண், தெரியவில்லை. செங்கல் மார்பும் கறுப்புக் கரையும் தெளிவாகத் தெரிந்தால் முதல் பத்தி. பழுப்பு ஈப்பிடிப்பான் என்றால் பெரும்பாலும் மூன்றாவது. முதல் குளிர்காலத்து இளம் ஆண் பெண்ணையே ஒத்திருக்கும், பெண்ணின் மார்பிலும் சில சமயம் செம்மை தோயும். எதைப் பார்த்து எழுதினோம் என்ற அடையாளத்தையும் பக்கத்தில் குறிக்க வேண்டும்: கண், அலகு, தோள், உச்சி, மார்பு. அக்டோபரில் பறவைகள் வந்து இறங்கியதிலிருந்து மார்ச் கடைசியில் காஷ்மீருக்குத் திரும்பும் வரை வாரம் ஒரு காலை, ஓடைக்கரையில் சிவப்பு எத்தனை, பழுப்பு எத்தனை; லயத்துக்கு மேலே உலர்ந்த சவுக்குத் தோப்பில் சிவப்பு எத்தனை, பழுப்பு எத்தனை என்று எழுதிக்கொண்டே வர வேண்டும்.